நான் எழுதித் தராத மன்னிப்பு

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது, கண்ணு. நான் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செருப்பை மாட்டியபடியே வாசலில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தேன். இந்த ஏழு வருஷத்தில் முதல் முறையாக டெலிபோன் ஆபீசுக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனேன். அதற்காக உன்மேல் கோபம் இல்லை, மகனே. ஆனால் நீ எழுதிய ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லாமல் விட மாட்டேன்.

திருப்பதி பஸ் கம்பெனியில் டிக்கெட் ஜன்னலில் நீ உட்கார்ந்து நாலு மாசம்தான் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை, பஸ்ஸில் இடம் இல்லை என்று நீ சொன்னதற்கு ஒரு ஆள் உன் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, கூலிக்கு உட்கார்ந்திருக்கிற நாயே என்று திட்டியிருக்கிறான். நீ ஜன்னலைப் படாரென்று சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் திறக்கவில்லை. மேனேஜர் வந்து, அந்த ஆளிடம் மன்னிப்புக் கேள் என்றிருக்கிறார். நீ முடியாது என்றாய். இந்த மாசத்தோடு வேலையை விட்டுவிட்டு வருவதாக எழுதியிருக்கிறாய். அதுவரைக்கும் படிக்க எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அடுத்த வரிதான். "உன்னை மாதிரி ஊரே திட்டினாலும் 'சரிங்க சார், சரிங்க சார்'னு குனிஞ்சிக்கினு என்னால இருக்க முடியாதும்மா."

நான் குனிந்ததில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நீ எதைப் பார்த்துவிட்டு அப்படி நினைத்தாய் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக ஆபீசுக்கு வந்தாய். நான் டெலிபோன் போர்டின் முன்னால் காதில் மாட்டிய கருவியோடு உட்கார்ந்திருந்தேன். அதற்குள்ளிருந்து ஒருவர் கத்திய கத்தல் வெளியே நின்ற உனக்கே கேட்டது. நான், "சரிங்க, எழுதிக்கிட்டேங்க, லைன் கிடைச்சதும் கூப்பிடறேங்க" என்றேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நீ என் கையைப் பிடிக்கவில்லை. அன்றைக்கே உன்னை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் செய்த தப்புகளில் அதுவும் ஒன்று.

உன் நைனா பாகாலா ரோட்டில் டெலிபோன் கம்பத்திலிருந்து விழுந்து இறந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயசு. ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்த வருஷம் அது. கல்யாணத்துக்கு முன்னால் நான் புத்தூரில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருந்ததால், லைன்மேன் பெண்டாட்டி என்று இலாகாவில் இரக்கப்பட்டு என்னைப் போர்டில் உட்கார வைத்தார்கள். சித்தூரில் அப்போது டெலிபோன் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். கலெக்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட்டு வக்கீல்கள், வெல்ல மண்டிக்காரர்கள், அரிசி மில்காரர்கள். அவர்கள் அங்கே டெலிபோனை எடுத்தால் இங்கே போர்டில் ஒரு சின்ன மூடி விழும். நான் வயரைச் சொருகி, "நம்பர் ப்ளீஸ்" என்பேன். வெளியூருக்கு என்றால் சீட்டில் எழுதி வரிசையில் வைப்பேன். லைன் கிடைக்க அரை மணியும் ஆகும், நாலு மணியும் ஆகும். அது என் கையில் இல்லை. ஆனால் கத்துவதற்கு அவர்களுக்கு அகப்பட்டது நான் ஒருத்திதான். அந்தச் சமயத்தில் சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஊரே இரண்டாக நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. தமிழில் பேசினால் தெலுங்குக்காரர் திட்டினார். தெலுங்கில் பேசினால் நம்மவர் திட்டினார். ஒரு தமிழ் வக்கீல், "நம்ம ஊட்டுப் பொண்ணு நீ, 'அண்டி அண்டி'ன்னு தெலுங்குல பேசறியே, வெக்கமா இல்ல?" என்றார். அதே காலையில் ஒரு வெல்ல மண்டி முதலாளி, "ஏமே அரவதானா, செவுடா நீக்கு?" என்றார். ஏடி தமிழச்சி, உனக்கென்ன காது செவிடா என்று அர்த்தம். முதல் மாசம் முழுக்க நான் சாப்பாட்டு நேரத்தில் கொல்லைப் பக்கம் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவேன்.

இரண்டாவது மாசத்தில் அழுகை நின்றது. பழிவாங்கக் கற்றுக்கொண்டேன். இதை உன்னிடம் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த மண்டி முதலாளி மறுபடியும் ஒரு நாள் காலையில் அதே வார்த்தையைச் சொல்லி மெட்ராசுக்குக் கால் கேட்டார். நான் மிகவும் மரியாதையாக, "சரிங்க" என்று சொல்லிவிட்டு, அவருடைய சீட்டை எடுத்து மற்ற எல்லாச் சீட்டுக்கும் அடியில் வைத்தேன். அவர் அரை மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டுக் கத்தக் கத்த எனக்குள் ஏதோ இனித்தது. பானகம் குடித்த மாதிரி இருந்தது என்றுகூடச் சொல்லலாம். அந்த இனிப்போடு நான் உட்கார்ந்திருந்தபோதுதான், டெலிபோன் இல்லாதவர்கள் வந்து நிற்கிற பக்கத்து ஜன்னலில் ஒருவர் வந்து நின்றார். கார்வேட்டிநகரம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். நாற்பது வயசிருக்கும். வேட்டியெல்லாம் செம்மண். ஒரு காகிதத்தில் மெட்ராசில் ஒரு மளிகைக் கடையின் நம்பர் எழுதியிருந்தது. அந்தக் கடைக்காரர் பக்கத்துச் சந்திலிருந்து என் தங்கச்சியைக் கூப்பிட்டு விடுவார் என்றார். நான் சீட்டு எழுதிக்கொண்டு, உட்காரச் சொன்னேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஜன்னலுக்கு வந்தார். "எம்மா, இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார். தெரியாது என்றேன். இன்னும் கொஞ்சம் கழித்து வந்தார். "லைனு வந்துக்கினு இருக்குதாம்மா?" மூன்றாவது தரம் அவர் வாயைத் திறப்பதற்குள் நான் திரும்பி, "ஒரு தரம் சொன்னா வெளங்காதா? காது செவிடா உனக்கு?" என்று கத்தினேன். அங்கே நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு அடி பின்னால் போனார். "தப்பா கேட்டுட்டேம்மா, கோச்சிக்காதே" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். கால் மணி நேரத்தில் மெட்ராஸ் லைன் வந்தது. கடைக்காரர் ஆள் விட்டு அழைத்ததும் அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் குரல், ஓடி வந்த மூச்சோடு. "அண்ணா? அண்ணா, நான்தான் பேசறேன். அண்ணா?" நான்தான் பதில் சொல்ல வேண்டும். "கால் போட்டவங்க கிளம்பிட்டாங்கம்மா" என்றேன். "போய்ட்டாரா? இன்னா சமாச்சாரம்னு ஏதாச்சும் சொன்னாராம்மா?" என்றாள். எனக்கு எதுவும் தெரியாது. நான் காதிலிருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். பஸ் நிற்கிற இடம் வரை போனேன். கார்வேட்டிநகரம் பஸ் போய்விட்டிருந்தது. அவர் எதைச் சொல்ல வந்தார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நல்ல சேதியாகவும் இருந்திருக்கலாம். கல்யாணம் நிச்சயமான சேதியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அவர் அதைச் சொல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

மண்டி முதலாளிக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அவருடைய கால் சாயங்காலத்துக்குள் போய்விட்டது. அவர் என் காதில் போட்ட வார்த்தை என் வாய் வழியாக வெளியே வந்து, யாரையும் திட்டாத ஒரு மனுஷன் மேல் விழுந்தது. அதை நினைத்தபோது எனக்கு வந்தது அழுகை இல்லை, கண்ணு, ஆத்திரம். என் வாயை அந்த ஆளுக்கு இரவல் கொடுத்திருக்கிறேனே என்ற ஆத்திரம். இனிமேல் எவன் என்ன சொன்னாலும், அவன் வார்த்தை என்னைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போகாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நீ பார்த்தது அதைத்தான். எனக்கு ரோஷம் இல்லாமல் இல்லை. என் ரோஷம்தான் என்னை அப்படிப் பேச வைத்தது.

அதற்குப் பிறகு சில பழக்கங்களை உண்டாக்கிக்கொண்டேன். கத்துகிறவர் கத்தும்போது என் குரலைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். நான் சொல்வது கேட்க வேண்டுமானால் அவர் நிறுத்தித்தான் ஆக வேண்டும். முடியும் என்பதை மட்டும் முடியும் என்பேன். முடியாததை, முடியாதுங்க என்று தெளிவாகச் சொல்வேன். சீட்டுகளை வந்த வரிசையில்தான் வைப்பேன், அந்த மண்டி முதலாளி சீட்டு உட்பட. அவரிடம் அன்பாக இருக்க வேண்டும் என்று எனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் அவர் எப்படிப்பட்டவரோ, அதற்கேற்ற மாதிரி நான் ஏன் மாற வேண்டும்? ஒரே ஒரு முறை பிளக்கைப் பிடுங்கினேன். என் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த சின்னப் பெண்ணிடம் ஒருத்தன் எழுதக்கூடாத வார்த்தைகளைப் பேசினான். நான் எட்டி அந்த வயரைப் பிடுங்கிவிட்டு, டைரியில் மணியும் நிமிஷமும் போட்டு, 'இணைப்பைத் துண்டித்தது நான்' என்று என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொறுமை என்றால் எல்லாவற்றையும் விழுங்குவது என்று உனக்கு யார் சொன்னார்கள்?

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ ஒன்பதாவது படித்த வருஷம், மழைக் காலத்தில், நான் பதினோரு நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? மத்தியானம் நீ ஓடி வந்து சூடாகச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போவாய். "தெனம் லீவு போடும்மா" என்றாய். அது லீவு இல்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அந்த வாரம் பெரிய காற்றும் மழையும். புத்தூர் பக்கத்தில் புளியமரம் சாய்ந்து கம்பிகள் அறுந்து, மெட்ராஸ் லைன் ஒரு நாள் முழுக்க இல்லை. உன் நைனாவோடு வேலை செய்தவர்கள் முழங்கால் சேற்றில் நின்று கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் மண்டி முதலாளி மூன்று ஆட்களோடு நேரிலேயே வந்து என் ஜன்னலைத் தட்டினார். எல்லைச் சண்டை சூடாக இருந்த சமயம். தெலுங்குக்காரர்களின் டெலிபோன் கால்களை மட்டும் இந்த அரவப் பெண்பிள்ளை வேண்டுமென்றே அறுக்கிறாள் என்றார். கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் எழுந்து நின்று தெலுங்கிலேயே, "லைன் தெகிபோயிந்தண்டி, புத்தூரு தக்கர" என்றேன். புத்தூர் பக்கத்தில் லைன் அறுந்து போயிருக்கிறது, வரிசையில் முதல் சீட்டு உங்களுடையதுதான், லைன் வந்ததும் ஆள் அனுப்பிச் சொல்கிறேன், நீங்கள் இங்கே நிற்க வேண்டாம் என்றேன். என் கை ஜன்னல் கட்டையைப் பிடித்திருந்தது. அவர், "க்ஷமாபண செப்பு" என்றார். மன்னிப்புக் கேள் என்றார். "உங்களைக் காக்க வெச்சதுக்கு வருத்தப்படறேங்க. ஆனா நான் எதையும் அறுக்கலை. அதுக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்" என்றேன். அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் புகார் வந்துவிட்டது.

சூப்பர்வைசர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. பயந்தவர். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "ராசி இச்செய்யம்மா, எழுதிக் குடுத்துடு. நாலு வரி போதும். தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டா விஷயம் இங்கயே முடிஞ்சிடும். அவரு பெரிய மனுஷன். நீ பையனை வெச்சிக்கினு தனியா இருக்கிறவ" என்றார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகம்தான் அதில் தெரிந்தது. எழுதிக் கொடுத்தால் என்ன என்றும் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு பேனாவை மூடி அவர் பக்கமே வைத்தேன். "சார், மரியாதையா பேசறது என் வேலை. அவரு நாளைக்கு ஆயிரம் திட்டினாலும் பேசுவேன். செய்யாததைச் செஞ்சேன்னு எழுதறது என் வேலை இல்லைங்க." அவர் குரலை உயர்த்தினார். "வேலை போச்சுன்னா இன்னா பண்ணுவே?" என்றார். "போனா போவுதுங்க. என் கையெழுத்து என்கிட்ட இருக்கட்டும்" என்றேன். அந்தத் தாளிலேயே முந்தின நாள் நான் போட்ட எல்லாக் கால்களையும், தமிழர் யார், தெலுங்கர் யார் என்று பாராமல், வந்த நேரமும் போன நேரமும் எழுதி, இதை விசாரியுங்கள் என்று கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலமே, விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று உத்தரவு வந்தது.

அந்தப் பதினோரு நாளும் நான் உன் முன்னால் சிரித்துக்கொண்டிருந்தேன். நீ பள்ளிக்கூடம் போனதும் பலமனேரில் இருக்கிற உன் மாமனுக்கு எழுதலாமா, நகரிக்குப் போய்த் தறி வேலை பார்க்கலாமா என்று சுவரைப் பார்த்து யோசிப்பேன். பயமாக இருந்தது. ஆனால் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று ஒரு தரமும் நினைக்கவில்லை. வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். டைரியைப் பார்த்தார், சீட்டுகளைப் பார்த்தார், லைன்மேன்களைக் கேட்டார். மண்டி முதலாளிக்கு ஆள் அனுப்பினார், அவர் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் நான் போர்டில் உட்கார்ந்தேன். யாரும் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு முதலாளியின் மூடி விழுந்தது. நான் வயரைச் சொருகி, "நம்பர் ப்ளீஸ்" என்றேன். என் குரல் அவருக்குத் தெரிந்துவிட்டது. நம்பரை மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் கத்தவில்லை. மறுநாள் கத்தினார். நானும் குரலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். இன்னும் கத்துகிறார். இன்னும் அவர் சீட்டு வரிசையில்தான் இருக்கிறது. மனிதர்கள் திருந்துவார்கள் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அவர்கள் திருந்துவதற்காக நான் இப்படி இருக்கவில்லை.

இந்த வருஷம் எல்லையும் முடிவாகிவிட்டது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, நாம் ஆந்திராப் பக்கம். போன வாரம்கூட ஒருத்தர் டெலிபோனில், "நீ தமிழா, தெலுங்கா? அதை மொதல்ல சொல்லு" என்றார். "டெலிபோன் ஆபீஸ்ங்க. நம்பர் சொல்லுங்க" என்றேன்.

இனி உன் விஷயம். அந்த ஆள் உன்னை நாய் என்றதற்கு நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. உன் மேனேஜரிடம் நானே வந்து சொல்கிறேன். ஆனால் நீ ஜன்னலைச் சாத்தினாயே, அவனுக்குப் பின்னால் வரிசையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று உன் கடிதத்தில் இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள் யார், கடைசிப் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டியவர்கள் யார் என்று நீ பார்க்கவில்லை. திட்டியவன் வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போயிருப்பான். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றவர்கள் உன்னைத் திட்டாதவர்கள். மேனேஜரிடம், "ஜன்னலைச் சாத்தினது என் தப்பு. அதுக்கு மட்டும் எழுதித் தரேன்" என்று சொல். அதற்கு மேல் ஒரு எழுத்து எழுதாதே. அதற்காக அவர்கள் உன்னை அனுப்பினால் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வா, உனக்குச் சோறு போட என்னால் முடியும். வேறு வேலை பிடித்திருக்கிறது என்று விட்டாலும் சரி. ஆனால் முகம் தெரியாத எவனோ ஒருவன் விரலை நீட்டினான் என்பதற்காக நீ எழுந்து வந்தால், உன் நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்தவன் அவன் என்று ஆகிவிடும். அந்த அதிகாரத்தை அவனுக்குக் கொடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை. காலை வண்டிக்குத் திருப்பதி வருகிறேன். நீ தங்கியிருக்கிற வீட்டில் எனக்குச் சாப்பாடு சொல்லி வைக்க வேண்டாம், நானே கட்டிக்கொண்டு வருகிறேன். நேராக உன் ஜன்னலுக்குத்தான் வருவேன். குறுக்கே வந்து கூப்பிட மாட்டேன், எல்லாரையும் போல வரிசையில் நிற்பேன். என் முறை வரும்போது அம்மா என்று எழுந்திருக்காதே. எனக்கு முன்னால் நின்றவன் உன்னை என்ன சொல்லிவிட்டுப் போயிருந்தாலும், என் முகத்தைப் பார்த்து, "எங்க போவணும்மா?" என்று கேள். சித்தூருக்கு ஒரு டிக்கெட் என்பேன். கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்.